காரோடு கப்பல் ஏறுமுன்…

"அத்தை, இந்தக் கோடைக்கு மூணு மாசம் இங்கே வந்து இருங்க. கார்லயே ஆறு தேசம் காட்டறோம்" என்று கும்பகோணத்துக்குப் போன் பண்ணி அழைத்த மருமகள் நான். கூப்பிடும்போது வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. எட்டு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் அறுபத்தெட்டு வயது மாமியார். இவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு வடக்கு ஐரோப்பாவைச் சுற்றுவதென்றால் சும்மாவா?

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில். 2023 ஜூலை கடைசியில் கிளம்பி, பதினான்கு நாளில் பால்டிக் கடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா என்று ஆறு நாடு. நடுவே நாலு தடவை காரோடு கப்பல். எல்லோரும் நல்லபடியாகத்தான் திரும்பினோம். ஆனால் கப்பலில் ஒரு ராத்திரி நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கை சில்லிட்டுப் போகிறது. தப்பு முழுக்க என்னுடையது. பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போய் இப்படிச் சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு கிளம்பட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

காரோடு கப்பல் என்றால் என்ன என்று அத்தையைப் போலவே உங்களில் சிலர் கேட்கலாம். துறைமுகத்தில் கப்பலின் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். லாரி, பஸ், கார் எல்லாம் வரிசையாக அதற்குள் ஓட்டிக்கொண்டு போய் நிற்கும். நாம் காரைப் பூட்டிவிட்டு மாடிப்படி ஏறி மேல் தளங்களுக்குப் போய்விட வேண்டும். அங்கே ஹோட்டல், கடை, குழந்தைகள் விளையாடும் இடம், படுக்க அறை எல்லாம் உண்டு. கரை வந்ததும் இறங்கிப்போய்க் காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். "திமிங்கிலம் வயித்துக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

முதலில் கப்பல், அப்புறம்தான் ரோடு

நான் செய்த முதல் நல்ல காரியம், நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் கப்பல்களை மட்டும் எழுதியது. ரோட்டில் அரை மணி முன்னே பின்னே போகலாம். கப்பல் நமக்காக நிற்காது. அதனால் அந்த நாலு தேதியையும் முதலில் நிச்சயம் செய்துவிட்டு, ஊர்களையும் தங்குமிடங்களையும் இடைவெளியில் பொருத்தினேன்.

நாலு கப்பலும் நாலு தினுசு. ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்குப் போவது வெறும் 45 நிமிஷப் பயணம். ஒரு காப்பி குடித்து, குழந்தையை ஒரு தடவை பாத்ரூமுக்கு அழைத்துப் போய் வருவதற்குள் அக்கரை வந்துவிடும். (அந்தக் கடலுக்கு அடியில் 18 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.) இரண்டாவது, ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்தின் துர்க்குவுக்கு ஒரு முழு ராத்திரி. மூன்றாவது, ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்கு இரண்டு மணி நேரம். கடைசியாக, லிதுவேனியாவின் கிளைப்பேடாவிலிருந்து ஜெர்மனியின் கீல் நகருக்கு ஏறக்குறைய ஒரு நாள். முதல் கப்பலைத் தவறவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும். கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான், அதிலும் அறை மிச்சம் இருந்தால்! ஆகவே நீண்ட கப்பலுக்கு முதல் நாளே அந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

டிக்கெட் வாங்கும்போது காரின் நீளம், உயரம் இரண்டையும் கேட்பார்கள். கூரை மேல் பெட்டி கட்டினால் அதையும் சேர்த்து டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். உயரம் கூடினால் கட்டணமும் கூடும், காரை நிறுத்தும் தளமும் மாறும். ஜூலை மாதம் அங்கெல்லாம் பள்ளி விடுமுறை. அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜூன் 19க்கும் 25க்கும் நடுவே வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடன்காரர்களுக்கு நடுக்கோடைப் பண்டிகை. நம் ஊர் தீபாவளிக் கூட்டம்தான். ஆனால் கடைகள் பல மூடிக் கிடக்கும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொரு சங்கதி. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். பின்லாந்தும், எஸ்தோனியா முதலான மூன்று நாடுகளும் ஸ்வீடனைவிட ஒரு மணி முன்னால் ஓடுகின்றன. காலை ஏழுக்குத் துர்க்கு என்று போட்டிருந்தால் ஸ்டாக்ஹோம் கடிகாரப்படி அது ஆறு. தூங்கும் குழந்தைகளை எழுப்பிப் பல் தேய்த்துக் கிளப்ப வேண்டியவளுக்கு அந்த ஒரு மணி எவ்வளவு பெரிசு என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்!

ரோடு மொத்தம் சுமார் 1,850 கிலோமீட்டர்தான். எங்காவது சுற்றினால் கொஞ்சம் கூடும். என் கணவர் முதலில் போட்ட கணக்குப்படி கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோம் வரை 650 கிலோமீட்டரும் ஒரே நாளில்! "ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும், ஏழு மணி நேரத்துல போயிடலாம்" என்றார். ரோடு கண்ணாடிதான், அத்தையின் கால் கண்ணாடியா? மூன்று மணி நேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலே கணுக்கால் வீங்கிவிடுகிறது. நான் ஒற்றைக் காலில் நின்று அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு 300, மிஞ்சினால் 350 கிலோமீட்டர். இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, எல்லோரும் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். வயதானவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இது மிக அவசியம்.

கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பினால் ஸ்வீடனுக்குப் பாலம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு திறந்தது. முதலில் கடலுக்கு அடியில் 4 கிலோமீட்டர் சுரங்கம், அப்புறம் மனிதர்களே உண்டாக்கிய ஒரு தீவு, அதிலிருந்து 8 கிலோமீட்டருக்குப் பாலம். பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் அந்த இடத்தில் உயரமாகக் கட்டாமல் சுரங்கமாகத் தோண்டினார்களாம். பையன் அத்தனை தூரமும் வாயைத் திறந்தபடியே வந்தான்.

பிரித்ததால் கிடைத்த லாபம்தான் கிரென்னா. வெட்டர்ன் என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது அந்தச் சின்ன ஊர். ஊர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புதினா மிட்டாய் வாசனை. கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற அமாலியா எரிக்சன் என்ற பெண்மணி, 1859-இல் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி இந்த மிட்டாயைச் செய்து விற்கத் தொடங்கினாராம். சர்க்கரைப் பாகை மேஜையில் போட்டு இழுத்து முறுக்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். "நம்ம பஞ்சு மிட்டாய்க்காரனைவிட இவ கை வேகம்" என்று அத்தை வெகு நேரம் நின்று பார்த்தார். அவர் சாப்பிடக் கூடாது; இருந்தாலும் நாலு குச்சி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "சர்க்கரை இறங்கிச்சுன்னா ஆகும்" என்றார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ராத்திரி

கப்பல் கிளம்பிய பிறகு கார் நிற்கும் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். கரை சேரும் வரை அங்கே யாரும் போகக் கூடாது. இது பாதுகாப்புக்காக எல்லாக் கப்பலிலும் உள்ள விதி. எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் கோட்டை விட்டேன்.

அத்தையின் இன்சுலினைக் காரில் பின்சீட்டுக்குக் கீழே ஐஸ் பையில் வைத்திருந்தேன். கிளம்பும் அன்றே அவர் கேட்டார்: "ஏம்மா, என் மருந்துப் பையை நான் மடியிலயே வச்சுக்கறேனே?" நான்தான், "வேண்டாம் அத்தை, வெய்யில் பட்டா கெட்டுடும், ஜில்லுன்னு இருக்கட்டும்" என்று பெரிய விவரஸ்தி மாதிரி சொன்னேன். ஸ்டாக்ஹோமில் கப்பலில் ஏறும்போது பின்னால் வண்டிகள் நிற்கின்றன, ஆட்கள் கையைக் காட்டி "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார்கள். சின்னவள் தூக்கத்தில் சிணுங்குகிறாள். ராத்திரிக்கு வேண்டிய துணி, பல் பிரஷ், பையனின் கலர் பென்சில் முதற்கொண்டு எடுத்தேன். இன்சுலினை எடுக்கவில்லை.

எட்டரை மணிக்குச் சாப்பிடுமுன், "ஊசி போட்டுக்கறேன், குடும்மா" என்று அத்தை கையை நீட்டினார். அப்போதுதான் உறைத்தது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் கணவர் கீழே ஓடினார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. நான் விசாரணைக் கவுண்டருக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் பதறாமல் கேட்டுக்கொண்டாள். யாருக்கோ போன் செய்தாள். ஓர் ஊழியர் வந்து, தாமே கூட்டிப்போவதாகச் சொன்னார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "உங்கள் கார் எந்தத் தளம், எந்தப் படிக்கட்டுப் பக்கம்?" இருவரும் விழித்தோம். படிக்கட்டு வாசலில் பெரிசாக எண்ணும் நிறமும் எழுதியிருந்தன. நாங்கள் யாரும் பார்த்து வைக்கவில்லை! இரண்டு தளம் ஏறி இறங்கி, இடுப்பை ஒடுக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே நுழைந்து, ஐஸ் பையோடு என் கணவர் மேலே வரும்போது மணி ஒன்பதே கால்.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒரு வேளை தாமதமானா ஒண்ணும் ஆகாது, நீ அழாதே" என்றார். அந்தப் பதற்றத்தில் அடுத்த தப்பும் நடந்தது. ஊசியைப் போட்டாயிற்று, ஆனால் அலைச்சலில் அவருக்குப் பசியே போய்விட்டது. நான் டப்பாவில் வைத்திருந்த தயிர் சாதத்தில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

நடுராத்திரிக்கு மேல் கப்பல் ஆலந்துத் தீவில் ஒரு தடவை நிற்கும். (ஐரோப்பிய வரிக் கணக்கில் அந்தத் தீவு தனி. அங்கே ஒரு முறை தொட்டுவிட்டுப் போனால் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம், அதற்காகத்தான்.) இயந்திரம் உறுமி, அறை அதிர்ந்ததில் நான் விழித்தேன். கீழ்ப் படுக்கையில் அத்தை உட்கார்ந்திருந்தார். ரவிக்கை தெப்பமாக வேர்வை, கை நடுக்கம். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 58. நான் பையைக் குடைவதற்குள் அவரே கைப்பையைத் திறந்து அந்தக் கிரென்னா மிட்டாயை நறுக்கென்று கடித்து மென்றுகொண்டிருந்தார். பையனுக்கு வாங்கி வைத்திருந்த ஆரஞ்சு ஜூஸை அரை டம்ளர் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது 84. பிறகு நாலு பிஸ்கட். வட்டச் ஜன்னலுக்கு வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை.

இன்சுலின் உள்ள வீடுகளில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திறக்காத மருந்துதான் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் பேனாவை, பெரும்பாலான வகைகளில், வெய்யில் படாமல் சாதாரண அறைச் சூட்டிலேயே சுமார் நாலு வாரம் வைத்துக்கொள்ளலாம்; உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று டாக்டரையோ உள்ளே இருக்கும் காகிதத்தையோ கேளுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்து குப்பைக்குத்தான். ஆக, நான் அத்தை மடியிலிருந்து பிடுங்கி வைத்ததற்கு அவசியமே இருக்கவில்லை! மருந்துப் பை, சோதிக்கும் கருவி, சர்க்கரை, பிஸ்கட் இவை யாருக்கு வேண்டுமோ அவர் தோளிலேயே இருக்கட்டும். இன்னொரு செட் வேறொரு பையில். மருந்தின் பொதுப் பெயரோடு டாக்டர் கடிதமும் வேண்டும். சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகே ஊசி.

மறுநாளிலிருந்து, காரை விட்டு இறங்குமுன் பையனின் வேலை, தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் நோட்டில் எழுதுவது. அதைப் போட்டோவும் எடுத்தான், தலைவர் மாதிரி.

சாப்பாட்டு மூட்டை

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பண்டங்களும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் அதில் அடக்கம். கைக்குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் 2019 டிசம்பரிலிருந்து சான்றிதழ் கேட்கிறார்கள். அத்தை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிக் கொண்டுவந்தார். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, அவல், வறுத்த ரவை இவை போதும்.

கப்பல் அறையில் அடுப்பும் ரைஸ் குக்கரும் கூடாது. ஆனால் வழியில் ஏரிக்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும் மரக் குடில்களில் சின்ன அடுப்பு உண்டு. அங்கே சாதம் வைத்து, பொடி போட்டுப் பிசைந்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டோம். ஸ்வீடன், பின்லாந்துக் குடில்களில் பல இடங்களில் படுக்கை விரிப்பும் துண்டும் நாமே கொண்டுபோக வேண்டும், காலி செய்யும்போது பெருக்கித் துடைத்தும் கொடுக்க வேண்டும். தெரியாமல் போனால் தனியாகக் காசு. இரண்டு பழைய கறுப்புப் போர்வையும் துணிக் கிளிப்பும் கூடவே எடுத்துப் போங்கள். ஜூலை கடைசியில்கூட ஹெல்சிங்கியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. "பகல்ல ஏன் தூங்கணும்?" என்று என் மூன்று வயதுப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஜன்னலை மறைத்த பிறகுதான் தூங்கினாள்.

புல்வெளியில் உட்காரும்போது உண்ணி கவனம். ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள தீவுகள், ஆலந்து, பால்டிக் நாடுகள் இங்கெல்லாம் உண்ணிக் கடியால் மூளைக் காய்ச்சல் வருவது உண்டு. ஆலந்து தீவுவாசிகளுக்கு அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. ஒரே ஊசியில் முடியாது, இடைவெளி விட்டுப் போடுவது. கிளம்பும் மாதத்தில் ஞாபகம் வந்து பயனில்லை. ராத்திரி குளிப்பாட்டும்போது குழந்தைகளின் அக்குள், முழங்கால் மடிப்பு, காது பின்புறம் பார்த்துவிடுங்கள்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன நாடுகள் அத்தனைக்கும் ஒரே ஷெங்கன் விசா. "மூணு மாசம்" என்று நான் கூப்பிட்டேனே, விசாக் கணக்கில் அது 180 நாளில் 90 நாள். சில மூன்று மாதத்துக்கு 92 நாள், ஜாக்கிரதை! மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்தால்தான் விசா. பழைய வியாதிக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். உயரம் 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு ஸ்வீடனிலும் பின்லாந்திலும் தனி ஆசனம் கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் வரை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். கப்பலில் செல்போனை விமான நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த இணைப்பு பிடித்துக்கொண்டால் பில் பழுத்துவிடும்.

கடைசிக் கப்பல்

தாலினில் ஒரு கறுப்புச் சின்னம் இருக்கிறது. 1994 செப்டம்பர் 28 அன்று புயலில் முழுகிய 'எஸ்தோனியா' கப்பலில் 852 பேர் இறந்துபோனார்கள், அவர்கள் நினைவாக. முன்வாய்க் கதவு பெயர்ந்து தண்ணீர் கார் தளத்தில் புகுந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கப்பல்களுக்கு விதிகளைக் கடுமையாக்கினார்கள். அத்தை அங்கே நின்று கும்பிட்டார். கிளைப்பேடாவில் கப்பல் ஏறியதும், அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, எந்த வழியாகப் போவது, குழந்தைகளுக்கான மிதவைச் சட்டை எங்கே என்று பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். இதை எல்லாக் கப்பலிலும் செய்திருக்க வேண்டும்.

ஸ்டாக்ஹோம் துர்க்கு வழியில் தீவுக்கூட்டம் மறைப்பதால் கடல் ஆடவே இல்லை. இங்கே திறந்த கடல். மாலையில் காற்று எழுந்ததும் பையனுக்கு முகம் வெளுத்தது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறது' என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அவ்வளவாக வராது, அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். புத்தகம், செல்போன் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு, கப்பலின் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போய் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் பொரி. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை கொடுப்பதானால் ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி, ஒரு மணி முன்பே கொடுக்க வேண்டும். குழந்தைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டவர் வாந்தி எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் அத்தையை இரண்டு மணிக்கு ஒரு தடவை சோதித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரனின் முதுகைத் தடவிக்கொண்டு, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை போட்டுக்கொண்டது என் கணவர்தான். அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும், போட்டுக்கொண்டவர் கார் ஓட்டக் கூடாது. கீலில் இறங்கியபோது அவர் கண் சொருகிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க் இன்னும் நூறு கிலோமீட்டர். வெளியே முதலில் கிடைத்த நிறுத்துமிடத்தில் காரை ஓரம் கட்டச் சொல்லி அவரைத் தூங்கவிட்டோம். மூன்று மணி நேரம். மிச்சமிருந்த அவலை அத்தை ஊறவைத்து, தொக்குப் போட்டுப் பிசைந்து, எங்கள் மூவருக்கும் கையில் உருட்டிக் கொடுத்தார்.